டிவிக்குள்ளேயே டியூனர் இருக்கிறது. ரெக்கார்டிங்குக்கு அது போதுமா?

கேள்வி: புதிதாக 43 அங்குல டிவி வாங்கினோம். அட்டைப்பெட்டியில் 'டிவிபி-டி2/சி/எஸ்2' என்று போட்டிருக்கிறது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய டிடிஎச் டிஷ் மொட்டைமாடியில் சும்மா நிற்கிறது. செட்டாப் பாக்ஸ் இல்லாமல் இலவசச் சேனல்களைப் பார்க்க முடியுமா? டிடி தமிழில் வரும் கச்சேரிகளை அம்மாவுக்காகப் பதிவு செய்ய வேண்டும். பென்டிரைவ் செருகினால் போதுமா? (ராஜபாளையம் வாசகர்)

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். பதிவு செய்வதில்தான் தகராறு. அதற்கு மட்டும் தனியாக ஒரு சின்னப் பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன்.

அட்டைப்பெட்டியில் உள்ள எழுத்துகளில் டி2 தரைவழி ஆன்டெனாவுக்கானது. உங்கள் ஊரில் அதை மறந்துவிடலாம். சி என்பது கேபிளுக்கு. ஆனால் கேபிள் வயரை நேராக டிவியில் செருகினால் கட்டணச் சேனல் எதுவும் வராது. எல்லாம் பூட்டித்தான் அனுப்பப்படுகிறது, ஆபரேட்டரின் பாக்ஸ்தான் சாவி. உங்களுக்கு வேண்டியது எஸ்2, அதாவது செயற்கைக்கோள் டியூனர் (வரும் அலையைப் பிடித்துச் சேனலாகப் பிரித்துக் காட்டும் பகுதி). டிவியின் பின்பக்கம் மரை போட்ட சாக்கெட் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் 'எல்என்பி இன்' அல்லது 'சாட்' என்று எழுதியிருக்கும் (எல்என்பி என்பது டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, அலையை வாங்கும் சின்னக் கருவி). அழுத்திச் செருகும் வழுவழுப்பான சாக்கெட் மட்டும் இருந்தால் அட்டைப்பெட்டி என்ன சொன்னாலும் நம்பாதீர்கள்.

மாதக் கட்டணம் இல்லாமல் கிடைப்பது தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ். டிடி தமிழ் (2024 ஜனவரி வரை நமக்கெல்லாம் அது பொதிகை) அதில் வருகிறது. சன், விஜய், ஜீ தமிழ் வராது. வீட்டில் இதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. உங்கள் பழைய டிஷ் டாடா ப்ளே என்றால் அது 83 டிகிரியைப் பார்த்துக்கொண்டிருக்கும், நன்றாகவே திருப்ப வேண்டும். டிஷ் டிவி என்றால் 95, லேசாக அசைத்தாலே போதும். சன் டைரக்ட் டிஷ்ஷும் இதே பக்கம்தான் பார்க்கும். ராஜபாளையத்திலிருந்து பார்த்தால் செயற்கைக்கோள் நேர்கிழக்கிலிருந்து சுமார் 30 டிகிரி தெற்கே தள்ளி, தரையிலிருந்து 68 டிகிரி உயரத்தில் நிற்கிறது. டிஷ்ஷின் முகம் அவ்வளவு நிமிர்ந்து வானத்தைப் பார்க்காது. இந்த வகை டிஷ் தன் முகம் காட்டும் திசைக்கும் மேலேயிருந்து வரும் அலையைத்தான் வாங்கும். அதனால் கண் மதிப்பை நம்பாமல் திரையில் தெரியும் சிக்னல் தரத்தைப் பார்த்தே திருகுங்கள். 'வலிமை' அதிகமாகக் காட்டினால் மட்டும் சந்தோஷப்பட வேண்டாம். எல்என்பி ஓடினாலே அது ஏறிவிடும். 'தரம்' ஏறினால்தான் அலை கிடைத்தது என்று அர்த்தம்.

டிவி மெனுவில் எல்என்பி அலைவரிசை 9750/10600, எல்என்பி பவர் 'ஆன்', சிம்பல் ரேட் கேட்டால் 29500. பிளைண்ட் ஸ்கேன் (டிவியே சேனல்களைத் தேடிக்கொள்வது) வசதி இருந்தால் அதையே ஓடவிடுங்கள். இவ்வளவு செய்தும் ஒரு சேனல்கூட வரவில்லை என்றால் எல்என்பி பவர் அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாக்ஸ் இருந்தவரை அதுதான் மாடிக்கு மின்சாரம் அனுப்பியது. இப்போது டிவிதான் அனுப்ப வேண்டும்.

அடுத்து ரெக்கார்டிங். டியூனர் இருப்பதாலேயே டிவி பதிவு செய்யும் என்று நினைக்க வேண்டாம். இந்தியாவில் விற்கும் பல மாடல்களில் அந்த வசதியே கிடையாது. ரிமோட்டிலோ மெனுவிலோ 'பிவிஆர்' (பதிவு வசதியின் பெயர்) என்ற பேச்சே இல்லையென்றால் கதை முடிந்தது. இருந்தாலும் பல டிவிகள் பென்டிரைவைத் தன் பாணியில் ஃபார்மட் செய்து (உள்ளே இருந்த கல்யாண போட்டோவெல்லாம் போய்விடும்), பதிவைப் பூட்டி வைக்கும். அந்த டிவி தவிர வேறெதிலும் அது ஓடாது. நாளைக்கு டிவியின் மதர்போர்டு போனால் சேர்த்து வைத்த கச்சேரிகளும் கூடவே போகும். அம்மாவுக்காகச் சேர்ப்பதை இப்படி ஒரே இயந்திரத்தை நம்பி வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கட்டணமில்லாச் சேனல்களுக்கான சாதாரண ஃப்ரீ டு ஏர் பாக்ஸ் 1,000 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். டிவிபி-எஸ்2, எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை), யுஎஸ்பி ரெக்கார்டிங் மூன்றும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸைத் தலையில் கட்டிவிட்டால் பாதிச் சேனல்கள் வராது. இப்படிப்பட்ட பெட்டிகளில் பதிவாகும் கோப்பு பெரும்பாலும் பூட்டில்லாத டிஎஸ் கோப்பு. கணினியில் விஎல்சி ப்ளேயரில் ஓடும், இன்னொரு டிஸ்க்குக்கும் நகலெடுக்கலாம். கடையிலேயே ஐந்து நிமிடம் பதிவு செய்து காட்டச் சொல்லி, அதை உங்கள் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

சாதாரண எஸ்டி சேனலுக்கு மணிக்கு 1 முதல் 2 ஜிபி ஆகும். பென்டிரைவ் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மட் ஆகியிருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. நீண்ட கச்சேரி துண்டு துண்டாகப் பதிவாகும், அல்லது நடுவில் நின்றுவிடும். பாக்ஸ் ஏற்றுக்கொண்டால் என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட் நல்லது. ஹார்ட் டிஸ்க் மாட்டுவதென்றால் தனி மின் அடாப்டர் உள்ளதாகப் பாருங்கள், பாக்ஸின் யுஎஸ்பி முனை தரும் மின்சாரம் பல சமயம் போதாது.

டைமர் வைக்கும்போது பாக்ஸின் நேரம் +5:30-இல் இருக்கிறதா என்று பார்த்து, முன்னும் பின்னும் பத்து நிமிடம் கூட்டி வையுங்கள். நிகழ்ச்சிகள் சொன்ன நேரத்துக்கே தொடங்குவதில்லை. அப்புறம், சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கிற நம் வழக்கம் இங்கே உதவாது. பாக்ஸ் ஸ்டாண்ட்பையில் இருந்தால்தான் டைமர் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிக்னல் சற்று நேரம் போகும், அதற்கு மருந்தில்லை.

பாக்ஸ் ஒரு சேனலைப் பதிவு செய்யும்போது டிவியின் சொந்த டியூனரில் வேறொன்றைப் பார்க்கலாம். அதற்கு இரண்டு முனை உள்ள ட்வின் எல்என்பியும் இரண்டு வயர்களும் வேண்டும். கடைக்காரர் 20 ரூபாய் ஸ்ப்ளிட்டரைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். எல்என்பிக்கு 13 வோல்ட் அனுப்பினால் ஒருவகைச் சேனல்கள், 18 வோல்ட் அனுப்பினால் இன்னொருவகை. இரண்டு கருவிகள் ஒரே வயரில் ஆளுக்கொரு வோல்ட்டேஜ் அனுப்பினால், ஏதாவது ஒன்றின் படம் அணைந்துவிடும்.