வாகனங்கள் ஒரே அளவு இருந்தும் ஒரு ஊரில் காற்று கெடுவதும் இன்னொரு ஊர் தப்பிப்பதும் ஏன்?

கோவைக்குக் குடிவரப் போவதாகவும், வண்டி பெருகினால் அங்கேயும் டெல்லி நிலைமை வந்துவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

தமிழ்நாடு-கேரள எல்லையில், வாளையாறில் சோதனைச்சாவடிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவுக்கு டீக்கடை. ராத்திரி பால் குண்டான்மேல் வெள்ளைத் துணி போட்டு மூடி வைப்போம். காலையில் அதில் விரலை இழுத்தால் கோடு விழும். மண் தூசு என்றால் உதறினால் போய்விடும். இது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, சோப்புப் போட்டாலும் சாம்பல் நிறம் விடாது. டீசல் கரி. பில் காட்ட லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். பத்தடி நகரும், நிற்கும், மறுபடி முதல் கியர். அப்படி ஊர்ந்து போகிற வண்டி, சீராக ஓடுகிற வண்டியைவிட அதே தூரத்துக்கு அதிகமாகப் புகை கக்கும். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்து எல்லையில் வணிகவரிச் சோதனை நிறுத்தப்பட்டது. சில வாரம் கழித்து அம்மா, "கண்ணு, துணி வெளுப்பாவே இருக்குது பாரு" என்றார். லாரிகள் அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தன, வரிசைதான் இல்லை. அதனால் ஒரு ஊரில் எத்தனை வண்டி என்பதைவிட, அவை எங்கே நிற்கின்றன என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது, புகை வெளியேற வழி இருக்கிறதா என்பது. வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்தில் பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு பெரிய திறப்பு வேறு இல்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இங்கே வந்து பார்க்க வேண்டும். அரபிக்கடல் காற்று இந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு வேகமெடுத்துக் கோவை, பொள்ளாச்சி, உடுமலை என்று பாயும். கோவைக்குப் பெரிய பாக்கியம் அதுதான்.

ஆனால் கார்த்திகை, மார்கழியில் கதை மாறும். காற்று ஓய்ந்த விடியற்காலையில் யாராவது குப்பை கொளுத்துவதைப் பாருங்கள். புகை தென்னை உயரம் வரை நேராக ஏறும். அப்புறம் கூரையில் இடித்த மாதிரி பக்கவாட்டில் பாய் போல விரிந்துவிடும். இரவில் தரை குளிர்ந்து அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. மேலே இருப்பது அதைவிட வெதுவெதுப்பு. அதுவே மூடியாகிவிடும். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். பள்ளி, ஆபீஸ் வண்டிகள் எல்லாம் புறப்படுவது மூடி திறப்பதற்கு முன்னால். டெல்லிக்குக் கடலும் பக்கத்தில் இல்லை, வடக்கே இமயமலை வேறு. குளிர்காலத்தில் அந்த மூடி நாள்கணக்கில் விலகாமல் கிடக்கும். சென்னையைப் பெரும்பாலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று காப்பாற்றிவிடுகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். காற்று அழுக்கை அழிப்பதில்லை, அடுத்த ஊருக்குக் கொண்டு போகிறது. ஆடியில், எங்களுக்கு மேற்கே கேரளத்தில் இருக்கும் கஞ்சிக்கோட்டு ஆலைப் புகை கிழக்கே உங்கள் பக்கம் வரும். கார்த்திகையில் கிழக்குக் காற்று திரும்பியதும் (மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள்) கோவைத் தூசு எங்கள் பக்கம் வரும். இரண்டு மாநிலமும் தனித்தனியாக அளந்து, தன் எல்லைக்குள் மட்டும் கணக்குப் பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 (வண்டிப் புகைக்கான புதிய தர விதி) டீசலில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 50 பங்கிலிருந்து 10 ஆகக் குறைந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் டயரும் பிரேக்கும் தேய்ந்து வரும் தூள் எந்த டீசலிலும் குறையாது.

சரி, வீடு. அவிநாசி ரோட்டை ஒட்டியோ சிக்னலுக்கு எதிரிலோ எடுக்காதீர்கள். சில நூறு மீட்டர் உள்ளே போனாலே சாலைப் புகை நன்றாகக் குறைந்துவிடும். மேற்கு ஜன்னல் இருந்தால் ஆடி மாதக் காற்று வீட்டுக்குள் வரும். மார்கழியில் வீட்டில் பெரியவர்கள் நடக்கப் போவதென்றால் வெயில் ஏறிய பிறகு அனுப்புங்கள். எங்கள் அம்மா இப்போது ஒன்பதரைக்குத்தான் கிளம்புகிறார்.