டீயும் வர்க்கியும் நாலு லிட்டர் தண்ணீரும்

அன்புள்ள ஐயா,

அப்பாவைத் திருச்சியிலிருந்து ஊட்டிக்கு அழைத்து வந்து இரண்டு மாதம் ஆகிறது. வயது 74. இரவில் நாலைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது, ஆல்கலைன் தண்ணீர் மெஷின் வைத்தால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா? பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார். உப்பை அடியோடு நிறுத்திவிட்டோம். கழிவு போகட்டும் என்று தினமும் நாலு லிட்டர் தண்ணீர் குடிக்க வைக்கிறேன். கொஞ்சம் மறதி கூடியிருக்கிறது, வயதுதானே.

— ஒரு வாசகி

அன்புள்ள அம்மணி,

மெஷின் வேண்டாம். அந்தத் தண்ணீரின் காரம் வயிற்று அமிலத்தோடு தீர்ந்துவிடும். ரத்தத்தின் பிஎச் அளவை, அதாவது அமில-கார அளவை, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே பிடித்து வைத்திருப்பவை நுரையீரலும் சிறுநீரகமும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம்; கீழிருந்து வருகிறவருக்கு மூச்சு சற்று வேகமாகும், கரியமில வாயு கூடுதலாக வெளியேறும், ரத்தம் காரப் பக்கம்தான் சாயும். சில நாளில் சிறுநீரகம் பைகார்பனேட் என்ற காரப் பொருளைக் கழித்துச் சரிக்கட்டிவிடும். இதில் அமிலம் எங்கே வந்தது? குளிரில் சிறுநீர் கூடத்தான் போகும். நாலு லிட்டர் வேறு ஊற்றுகிறீர்கள். சர்க்கரையும் புராஸ்டேட்டும் பார்த்துவிடுங்கள். சரி, அது போகட்டும்.

போகிறபோக்கில் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

என் அம்மா கோத்தகிரியில் இருந்தாள். ஒரு ஜனவரி, வெளியே உறைபனி. அவளுக்கும் அதே மாத்திரை, அதே உப்பில்லாச் சாப்பாடு. உப்பில்லாமல் சோறு இறங்கவில்லை என்று மூன்று வேளையும் டீயும், அதில் தொட்டுத் தின்னும் மொறுமொறு வர்க்கியும்தான். ஃபிளாஸ்க்கில் வெந்நீர் நிரப்பி, குடி குடி என்று நச்சரித்தவன் நான். ஒருநாள் என்னை, செத்துப்போன மாமாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நடை தள்ளாடியது. வயசாச்சு, அப்படித்தான் என்று ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு நாள் கழித்து வேறொருவர் ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச்சத்து, பார்க்கச் சொன்னார். 135-இலிருந்து 145 வரை இருக்க வேண்டியது 116.

தண்ணீரை எவ்வளவு குடித்தாலும் சிறுநீரகம் கழித்துவிடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெறும் தண்ணீரை மட்டும் அதனால் தனியாகத் தள்ள முடியாது. கூடவே உப்போ, புரதத்திலிருந்து வரும் யூரியாவோ கொஞ்சமாவது போயாக வேண்டும். டீயிலும் வர்க்கியிலும் அது எவ்வளவு இருக்கும்? போதாததற்கு, அந்த வகை மாத்திரைகளில் சில சிறுநீரை நீர்க்கவைக்கும் திறனையே குறைத்துவிடும். தங்கிப்போன தண்ணீர் உப்பு அடர்ந்த இடம் தேடி செல்லுக்குள் போகும், செல் வீங்கும். கால் வீங்கினால் செருப்பைக் கழற்றிவிடலாம். மண்டை ஓட்டுக்குள் மூளை வீங்கினால் எங்கே போகும்?

குறைந்த சோடியத்தை ஏற்றுவதிலும் அவசரம் கூடாது. ஒரு நாளில் எட்டு, பத்துக்கு மேல் சோடியம் ஏறினால் மூளை நரம்புகளின் உறை சிதைந்துவிடலாம். நாலு நாள் சொட்டுச் சொட்டாக, மணிக்கணக்குப் பார்த்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் என் பெயரைச் சரியாகச் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏன்டா இப்படித் தண்ணியாக் குடுத்து மூழ்கடிச்சே என்று திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

இனி நான் உங்களைத் திட்டுகிறேன். தாகம் என்று ஒன்றை உடம்பு எதற்கு வைத்திருக்கிறது? வியர்வையே காணாத ஊரில் ஒரு கிழவருக்கு எந்தக் கணக்கில் நாலு லிட்டர்? மறதிக்கு வயதுதான் காரணம் என்று உங்களுக்கு யார் சொன்னது?

நாளைக் காலையே அழைத்துப்போய் சோடியம், பொட்டாசியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, பயந்துபோய் உப்பை அள்ளிப் போடவும் கூடாது. இரவே பேச்சு குழறினாலோ வலிப்பு வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முடிவு வந்ததும் எழுதுங்கள். அப்பா என்ன சாப்பிடுகிறார் என்று ஒரு வரிகூட இல்லையே உங்கள் கடிதத்தில், அதையும் எழுதுங்கள். வர்க்கி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.