வாசகர் கேள்வி – பதில்: திருக்கடையூர் மணிவிழாவுக்குச் செல்கிறீர்களா?

கேள்வி: என் தாய்மாமாவின் அறுபதாம் கல்யாணம் அடுத்த மாதம் திருக்கடையூரில் நடைபெறுகிறது. கணவரை இழந்த என் அம்மாவையும் அழைத்துச் செல்கிறேன். நாங்கள் அங்கே சென்றதில்லை. எப்போது போய்ச் சேர வேண்டும், என்ன உடுத்த வேண்டும், என்ன கொடுக்கலாம்? தன் அண்ணனுக்குக் கலச நீர் ஊற்ற வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று தயங்குகிறார்.
– வாசகி, ஈரோடு

பதில்: முந்தைய நாள் மாலையே திருக்கடையூர் போய்ச் சேர்ந்துவிடுங்கள். மயிலாடுதுறை ரயில் நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து ஊர் சுமார் 20 கி.மீ.; பேருந்தும் வாடகைக் காரும் கிடைக்கும். மணிவிழாவுக்கு வழக்கமான முகூர்த்த நாள் பார்ப்பதில்லை. பிறந்த தமிழ் ஆண்டு 60 ஆண்டுகளுக்குப் பின் திரும்பி வரும்போது, பிறந்த மாதத்தில் ஜன்ம நட்சத்திரம் கூடும் நாளையே எடுத்துக்கொள்கிறார்கள். (1966 ஏப்ரலில் தொடங்கிய பராபவ ஆண்டு 2026 ஏப்ரலில் மீண்டும் வருகிறது.) ஆகவே அது வேலை நாளாகவும் இருக்கக்கூடும், விடுப்புக்கு முன்பே சொல்லி வையுங்கள். தங்கும் அறையை மாமா வீட்டாரே ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்று இப்போதே கேட்டுவிடுவதும் நல்லது.

ஒரே காலையில் பல தம்பதியருக்குக் கோயில் மண்டபங்களில் அடுத்தடுத்து ஹோமம் நடக்கும் என்பதால், மாலையும் கழுத்துமாக எங்கு பார்த்தாலும் ஓர் அறுபதாம் கல்யாணம் தெரியும். நம் வீட்டு ஹோமம் எந்த இடத்தில், வாத்தியார் யார், சாப்பாடு எந்த மண்டபத்தில் என்ற மூன்றையும் முந்தைய இரவே குறித்துக்கொள்ளுங்கள். கோபூஜை, கஜபூஜையில் தொடங்கி, ஹோமம், கலசாபிஷேகம், மாங்கல்யதாரணம், பிறகு அமிர்தகடேசுவரர், காலசம்ஹார மூர்த்தி, அபிராமி அம்மன் சன்னிதிகளில் அர்ச்சனை என்று பொழுது நீளும். அம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் ஒரு நாற்காலிக்குச் சொல்லிவையுங்கள். கல் தளம் ஈரமாகி வழுக்கும், ஹோமப் புகை கண்ணை எரிக்கும். எனவே கனமான பட்டைவிட எளிய பருத்திப் புடவையே வசதி. கலசம் ஊற்றுபவர்கள் மீதும் தண்ணீர் தெறிக்கும் என்பதால், ஒரு மாற்றுத் துணியும் துண்டும் பையில் இருக்கட்டும்.

இனி, நீங்கள் உண்மையில் கேட்க வந்த கேள்வி. அம்மா தாராளமாக ஊற்றலாம், ஊற்றத்தான் வேண்டும். தம்பதியின் தலைக்கு மேல் சல்லடையைப் பிடித்து, மந்திரம் ஓதப்பட்ட கலச நீரைப் பிள்ளைகளும் உறவினர்களும் ஊற்றுவது, அவர்கள் நீண்ட காலம் வாழ வேண்டும் என்ற வேண்டுதலோடுதான். உடன்பிறந்த தங்கையைவிட அந்த வேண்டுதலுக்கு உரிமை உள்ளவர் யார்? துணையை இழந்தவர் என்பதால் அவருடைய வாழ்த்தின் மதிப்பு ஒரு துளியும் குறைவதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் இதை அந்த நேரத்துக்கு விட்டுவைக்காதீர்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் "சுமங்கலிகள் மட்டும் வாங்க" என்று குரல் கொடுத்துவிட்டால், அம்மா ஒரு சொல்லும் பேசாமல் பின்னால் போய் நின்றுவிடுவார். மாமாவிடமோ அவர் பிள்ளைகளிடமோ இப்போதே பேசி, "அத்தை, நீங்க வாங்க" என்று அவர்களே முதல் வரிசையில் கூப்பிடும்படி செய்யுங்கள். வாத்தியாரிடமும் மாமாவே ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும்.

அன்பளிப்பைப் பொறுத்தவரை, பத்திரிகையில் மொய் தவிர்க்கவும் என்று அச்சிட்டிருந்தால் அதை மதியுங்கள். இல்லையென்றால், வேட்டியும் புடவையும் வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் வைத்துக் கொடுப்பது முறை. அபிஷேகம் முடிந்து உடுத்தும் புத்தாடையைப் பெரும்பாலும் பிள்ளைகள் எடுத்திருப்பார்கள். நீங்கள் எடுப்பது அதற்கா, தனியாகவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நண்பகலுக்குப் பின் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், அம்மாவோடு நிதானமாக அபிராமியைத் தரிசிக்க விரும்பினால் முந்தைய நாள் மாலையிலேயே போய்வந்துவிடுங்கள்.