ஊரடங்குல மாட்டிக்கிட்டா என்ன பண்றது? அக்கா பதில்கள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம், வெளிநாடு போன இடத்துல போராட்டம் கலவரம்னு வெடிச்சா என்ன செய்யணும்னுதான். அதனால சமையல், மாமியார், பட்டுப்புடவை கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, மாமனாருக்கு 71 வயசு. 108 திவ்ய தேசத்துல முக்திநாத் இன்னும் பாக்கி, அதுக்காக காத்மாண்டு, போக்ரா எல்லாம் சேர்த்து குடும்பத்தோட போக பிளான் போட்டோம். ஆனா 2025 செப்டம்பர்ல அங்க எரிஞ்சத டிவில பார்த்ததுலேர்ந்து எங்க வீட்டுக்காரர் கேன்சல் பண்ணிடலாம்ங்கிறார். போலாமா வேணாமா? (ஒரு வாசகி, திண்டுக்கல்)

பதில்: போங்க. ஆனா அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு போங்க, ஏன்னா டிவில நெருப்பை மட்டும்தான் காட்டுனாங்க, அது எவ்ளோ வேகமா வந்துச்சுங்கிறத யாரும் சரியா சொல்லல. செப்டம்பர் 4 அன்னைக்கு நேபாள அரசாங்கம் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப்னு 26 ஆப்புக்கு தடை போட்டுச்சு. 8 ஆம் தேதி திங்கக்கிழமை சின்ன பசங்க, ஸ்கூல் யூனிஃபார்ம் போட்ட பிள்ளைங்க கூட தெருவுக்கு வந்தாங்க, சாயங்காலத்துக்குள்ள 19 பேர் செத்துட்டாங்க. மறுநாள் 9 ஆம் தேதி பிரதமர் ஒலி ராஜினாமா, பார்லிமென்ட், அரசு தலைமைச் செயலகமான சிங்க தர்பார், சுப்ரீம் கோர்ட் எல்லாம் எரியுது, ஏர்போர்ட்டை மூடிட்டாங்க. தடை போட்டதுலேர்ந்து எண்ணினா அஞ்சே நாள், ஆனா அமைதியா இருந்த ஊரு எரியுற ஊரா மாறுனதுக்கு ஒண்ணரை நாள் கூட ஆகல. நல்லாத்தானே இருக்கு நாளைக்கு பார்த்துக்கலாம்னு நினைச்சவங்கதான் அதிகமா மாட்டுனாங்க.

இதுல உங்களுக்கு உபயோகமான விஷயம் மூணு இருக்கு. ஒண்ணு ஹோட்டல். பெரிய ஹோட்டல்னா பத்திரம்னு நம்ம மனசுல ஒரு நினைப்பு, ஆனா அன்னைக்கு காத்மாண்டுல எரிஞ்சதுல ஹில்டனும் ஒண்ணு, போக்ராவுலயும் ஹோட்டல் எரிஞ்சுது. கோபம் டூரிஸ்ட் மேல இல்ல, அதிகாரத்துல இருக்குறவங்க மேலயும் பணக்காரங்க மேலயும். அதனால பார்லிமென்ட், மந்திரி வீடு, கட்சி ஆபீஸ் இதெல்லாம் பக்கத்துல இல்லாத, நாலு மாடிக்கு மேல போகாத, குடும்பமா நடத்துற சின்ன கெஸ்ட் ஹவுஸா பாருங்க, மாமனாருக்கு கீழ் மாடி ரூம் கேளுங்க. வேற ஒண்ணும் இல்லன்னாலும் மாடிப்படி எங்க முடியுதுன்னு முதல் நாள் ராத்திரியே ஒரு தடவை நடந்து பார்த்துடுங்க.

ரெண்டாவது ரோடு. பார்லிமென்ட் இருந்த நியூ பானேஷ்வர், ஏர்போர்ட்டுக்கு ரொம்ப பக்கம். அதாவது ஊரை விட்டு ஓடுற வழியும் கூட்டம் கூடுற இடமும் கிட்டத்தட்ட ஒண்ணு. பயந்து போய் ரூமை காலி பண்ணிட்டு பெட்டியோட ஏர்போர்ட்டுக்கு கிளம்புறதுதான் அந்த மாதிரி நாள்ல பண்ற பெரிய தப்பு. ஏர்போர்ட் 10 ஆம் தேதி சாயங்காலம் திரும்ப திறந்துட்டாங்க, ஒரு நாள் சமாச்சாரம்தான். சில பேர் சுனௌலி எல்லை வழியா பஸ், கார் பிடிச்சு உத்தரப்பிரதேசத்துக்கு வந்தாங்க, நல்லபடியா வந்தும் சேர்ந்தாங்க, ஆனா அந்த ரெண்டு மூணு நாள்ல நாடு முழுக்க 13,000 கைதிக்கு மேல ஜெயிலை உடைச்சு வெளிய வந்திருந்தாங்கன்னு தெரிஞ்சா 71 வயசு பெரியவரை வெச்சுக்கிட்டு ராத்திரி ரோடுல போவீங்களா? ஒண்ணு முதல் புகை வர்றதுக்கு முன்னாடி கிளம்பிடணும், இல்லன்னா ராணுவம் தெருவுக்கு வர்ற வரைக்கும் ரூமுலயே உட்கார்ந்துடணும்.

மூணாவது சில்லறை சமாச்சாரம், ஆனா அதுலதான் எல்லாரும் தடுக்கி விழுறாங்க. ஏடிஎம் மூடிடும், அதனால நேபாளி ரூபாயா நாலு நாளைக்கு ஆகுற காசு கையில இருக்கணும். மாமனாரோட பிபி, சுகர் மாத்திரை டூர் நாளுக்கு மேல ஒரு வாரம் அதிகமா. அப்புறம் ஆதாரை மட்டும் எடுத்துட்டு போய் ஏர்போர்ட்ல நிக்காதீங்க, பாஸ்போர்ட் இல்லாதவங்க வோட்டர் ஐடி கொண்டு போகணும், அதோட ஜெராக்ஸ் தனிப்பையில. பெருமாள் எங்கயும் போயிட மாட்டார், ஒரு நாள் ஹோட்டல்லயே கிடக்குற மாதிரி டிக்கெட்டுக்கு நடுவுல இடைவெளி விட்டு போடுங்க.

கேள்வி: பையனை பங்களாதேஷ்ல எம்பிபிஎஸ் சேர்க்கலாம்னு இருக்கோம். ஃபோனே எடுக்காத ஊருல பிள்ளைய விட்டுட்டு எப்படி தூங்குறது? (ஒரு அம்மா, நாமக்கல்)

பதில்: உங்க பயம் நியாயம்தான்ம்மா. 2024 ஜூலைல நடந்தது அதேதான். அரசு வேலைல சுதந்திரப் போராட்ட வீரர் குடும்பங்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு திரும்ப வந்ததை எதிர்த்து மாணவர்கள் போராட்டம், 16 ஆம் தேதி முதல் சாவு, 18 ஆம் தேதி ராத்திரிக்குள்ள நாடு முழுக்க நெட் கட். 19 ஆம் தேதி நள்ளிரவுலேர்ந்து ஊரடங்கு. மொபைல் நெட் திரும்ப வந்தப்ப தேதி 28, கிட்டத்தட்ட பத்து நாள். அப்ப அங்க சுமார் 15,000 இந்தியர்கள், அதுல 8,500 பேர் மாணவர்கள்னு நம்ம வெளியுறவுத்துறை சொல்லுச்சு. முதல் சில நாள்லயே ஆயிரக்கணக்குல பிள்ளைங்க அகௌரா வழியா அகர்தலாவுக்கும், மேகாலயாவுல டௌகிக்கும், வங்காளத்துல பெட்ராபோல், கேதேவுக்கும் தரை வழியா வந்து சேர்ந்தாங்க. நம்ம தமிழ்நாட்டு பிள்ளைங்களும் அப்படித்தான் வந்தாங்க.

இதுலேர்ந்து என்ன புரியுது? நெட் போனா வாட்ஸ்அப் போச்சு, கூகுள் மேப் போச்சு, ஆன்லைன்ல காசு அனுப்புறதும் போச்சு, நம்ம மொத்த வாழ்க்கையே அந்த ஒரு கம்பியிலதான் தொங்குது. அதனால நெட் இருக்குறப்பவே பேசி வெச்சுக்கணும். பையன் கிட்ட ஹாஸ்டல் லேண்ட்லைன், வார்டன் நம்பர், இந்திய தூதரக நம்பர் எல்லாத்தையும் பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க, ஃபோன்ல சேவ் பண்ணா போதாது, சார்ஜ் போனா அதுவும் போச்சு. தூதரக வெப்சைட்ல மாணவர் பதிவு இருக்கும், போய் சேர்ந்த வாரமே பதிவு பண்ணிடணும், ஏன்னா ஆபத்து நேரத்துல லிஸ்ட்ல பேர் இருக்குற பிள்ளைக்குத்தான் முதல்ல ஃபோன் வரும். அப்புறம் தினமும் ஒரே நேரத்துல ஒரே ஒரு ஆளுக்கு சாதாரண கால் இல்லன்னா எஸ்எம்எஸ், அந்த ஆள் சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லிடணும். நம்ம வீடுகள்ல என்ன நடக்குதுன்னா பெரியப்பா, சித்தி, அத்தைன்னு பதினஞ்சு பேரு அந்த பிள்ளைக்கு ஃபோன் அடிச்சு அடிச்சு பேட்டரியை காலி பண்ணிடுறாங்க.

இன்னொண்ணும் சொல்லணும், கசப்பா இருந்தாலும். பையன் அங்க ஃபிரெண்ட்ஸ் கூட சேர்ந்து ஊர்வலத்துக்கு போறேன்னு சொல்லலாம், அந்த வயசுல ரத்தம் அப்படித்தான். அது அவங்க நாட்டு பிள்ளைங்களோட சண்டை, அதுக்கு அவங்க உயிரையே கொடுத்தாங்க, ஆகஸ்ட் 5 அன்னைக்கு பிரதமர் ஹசீனாவே நாட்டை விட்டு கிளம்ப வேண்டி வந்துச்சு. மரியாதையா ஒதுங்கி நிக்குறது கோழைத்தனம் இல்லன்னு நீங்கதான் அவனுக்கு புரிய வைக்கணும். சேர்க்கலாமா வேணாமாங்கிறது உங்க முடிவு, நான் அதுல தலையிடல.

கேள்வி: நான் துபாய்ல வேலை பாக்குறேன். நம்ம ஊர் பிரச்சனைக்காக இங்க பசங்க எல்லாம் ஒரு இடத்துல கூடி கோஷம் போடலாம்ங்கிறாங்க. நான் சும்மா போய் நின்னா மட்டும் என்ன ஆகிடும்?

பதில்: தம்பி, போகாதீங்க. அதே 2024 ஜூலைல பங்களாதேஷ் விஷயத்துக்காக எமிரேட்ஸ்ல தெருவுல கூடுன 57 பங்களாதேஷ்காரங்களுக்கு அபுதாபி கோர்ட் தண்டனை கொடுத்துச்சு, மூணு பேருக்கு ஆயுள், 53 பேருக்கு பத்து வருஷம், ஒருத்தருக்கு பதினொண்ணு. போராடுனது அந்த நாட்டுக்கு எதிரா கூட இல்ல, சொந்த ஊர் அரசாங்கத்துக்கு எதிரா. செப்டம்பர்ல எமிரேட்ஸ் அதிபர் மன்னிப்பு கொடுத்து ஊருக்கு அனுப்பிட்டாங்க, ஆனா போன வேலை போனதுதான்.

"சும்மா நின்னா" ன்னு கேட்டீங்களே, அதுக்கு நம்ம ஆளுங்க கதையே இருக்கு. 2013 டிசம்பர் 8 ஞாயிறு ராத்திரி சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவுல தமிழ்நாட்டு தொழிலாளி ஒருத்தர் பஸ்ல அடிபட்டு செத்து, கலவரம் ஆச்சு. கேஸ் போட்டது 25 பேர் மேல. கோர்ட்டுக்கே போகாம ஊருக்கு திருப்பி அனுப்புனது 57 பேரை, பெரும்பாலும் நம்ம இந்தியர்கள். போலீஸ் கலைஞ்சு போங்கன்னு சொல்லியும் போகாம இருந்தாங்கங்கிறதும் அவங்க மேல சொன்ன குத்தம். அங்கயும் 57, இங்கயும் 57, தற்செயல்தான், ஆனா எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ஏஜென்ட்டுக்கு கடன் வாங்கி கட்டுன காசு நினைவு வந்தா கால் தானா ரூமுக்கு திரும்பிடும்.

கேள்வி: கண்ணீர்ப்புகை அடிச்சா கண்ணுக்கு கீழ டூத்பேஸ்ட் தடவணும்னு ரீல்ஸ்ல பார்த்தேன், நிஜமா?

பதில்: அது போராடுற பசங்க பல ஊர்ல பண்றதுதான், வெங்காயம், வினிகர், பால்னு ஊருக்கு ஒரு வைத்தியம் உண்டு. டாக்டருங்க சொல்றது வெறும் தண்ணி. காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ அந்தப் பக்கமா நடந்து புகைய விட்டு வெளிய வாங்க, கண்ணை தேய்க்காதீங்க, தேய்ச்சா போச்சு, பத்து பதினஞ்சு நிமிஷம் தண்ணி விட்டு கழுவுங்க. கான்டாக்ட் லென்ஸ் போடுறவங்க அந்த மாதிரி ஊருல கண்ணாடிக்கு மாறிடுங்க. ரூமுக்கு வந்ததும் டிரெஸ்ஸ கழட்டி பைல கட்டி வெச்சுட்டு குளிச்சிடணும், இல்லன்னா அந்த துணியிலேர்ந்தே ராத்திரி பூரா எரியும். ஆஸ்துமா இருக்கா? அப்ப இன்ஹேலர் இல்லாம வாசப்படி தாண்டாதீங்க.

கேள்வி: பேங்காக் டூர்ல மஞ்சள் சட்டை போடாதன்னு கைடு சொன்னாராமே, சும்மா பயமுறுத்துறாங்களா?

பதில்: இப்ப அவ்ளோ இல்ல, ஆனா ஒரு காலத்துல நிஜம். நம்ம ஊர்ல கரை வேட்டிய பார்த்து எந்த கட்சின்னு சொல்லிடுவோம் இல்ல, அந்த மாதிரி அங்க மஞ்சள் சட்டை ஒரு கோஷ்டி, சிவப்பு சட்டை இன்னொரு கோஷ்டி. 2008 நவம்பர் 25 அன்னைக்கு மஞ்சள் சட்டைக்காரங்க சுவர்ணபூமி ஏர்போர்ட்டையே பிடிச்சு உட்கார்ந்துட்டாங்க, டிசம்பர் 3 வரைக்கும் விமானம் கிடையாது. மாட்டுன லட்சக்கணக்கான பயணிங்கள்ல நிறைய பேர் பட்டாயா பக்கம் இருக்குற உ-தபாவோங்கிற கடற்படை விமான தளம் வழியாதான் வெளிய போனாங்க. ஹாங்காங்ல 2019 ஜூலை 21 ராத்திரி யுவென் லாங் ஸ்டேஷன்ல வெள்ளை சட்டை கும்பல் கம்போட வந்து கறுப்பு சட்டை போட்ட போராட்டக்காரங்கள மட்டுமில்லாம வீட்டுக்கு திரும்பிட்டு இருந்த சாதாரண ஜனங்களையும் அடிச்சாங்க. ஆக பிரச்சனை நடக்குற ஊருக்கு போறப்ப அங்க எந்த கலர் என்ன அர்த்தம்னு ரிசப்ஷன்ல ஒரு வார்த்தை கேளுங்க, வெட்கப்பட ஒண்ணுமில்ல. பெரிய பூ போட்ட சட்டை நல்லது, அது எந்த கட்சியிலயும் கிடையாது.

கேள்வி: டிராவல் இன்சூரன்ஸ் எடுத்தா கலவரத்துக்கும் காசு தருவாங்களா?

பதில்: பாலிசிய படிச்சாதான் தெரியும். பொதுவா கலவரம் ஆரம்பிச்சப்புறம் வாங்குனா அந்த கலவரத்துக்கு தர மாட்டாங்க, நீங்களே போய் கலந்துக்கிட்டா சுத்தமா தர மாட்டாங்க.

கேள்வி: அக்கா, எல்லாம் சரி, ஒரு ஓரமா நின்னு ரெண்டு நிமிஷம் வீடியோ எடுத்துட்டு வந்தா என்ன குடி மூழ்கிடும்? (ஒரு கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: டேய் தம்பி, நானே அந்த ரகம்தான், அதனால உன்ன திட்ட எனக்கு தகுதி இல்ல. 2022 மே மாசம் கொழும்புல இருந்தேன், வெள்ளவத்தைல ஒரு வீட்டு மாடியில தங்கி. காலிமுகத்திடல்ல அதிபர் கோட்டாபயவே, நீ வீட்டுக்கு போன்னு கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்தாங்க இல்ல, ஞாயித்துக்கிழமை போய் பார்த்தேன், லைப்ரரி, சாப்பாட்டு பந்தி, பாட்டு, கைக்குழந்தையோட அம்மாக்கள், திருவிழா மாதிரிதான் இருந்துச்சு. மறுநாள் 9 ஆம் தேதி காலைல திரும்பவும் கிளம்பினேன், போன்ல சார்ஜ் ஃபுல்லா போட்டு, உன்ன மாதிரியே வீடியோ எடுக்கத்தான். கீழ வீட்டு அம்மா, எழுபது வயசு இருக்கும், கேட்டுக்கு குறுக்க நாற்காலிய போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தாங்க. "எங்க பிள்ளை போறீங்கள்? இண்டைக்கு வேண்டாம். அலரி மாளிகையில ஆக்கள் சேருதாம், எனக்கு இந்த மணம் தெரியும், 83லயும் இப்பிடித்தான்." நான் சிரிச்சு சமாளிச்சு பார்த்தேன், அந்த நாற்காலி நகரல.

மதியத்துக்குள்ள பிரதமர் மஹிந்தவோட ஆளுங்க அவர் வீடான அலரி மாளிகைலேர்ந்து கிளம்பி வந்து காலிமுகத்திடல் கூடாரங்கள அடிச்சு நொறுக்குனாங்க, சாயங்காலம் அவர் ராஜினாமா, ராத்திரி ஊரு ஊரா எம்பிக்கள் வீடு எரிஞ்சுது, நாடு முழுக்க ஊரடங்கு. நான் முந்தின நாள் செல்ஃபி எடுத்த இடத்துல கூடாரமே இல்லாம கம்பி மட்டும் நிக்குற படத்தை ஃபோன்ல பார்த்துட்டு கட்டில்ல உட்கார்ந்தேன். அடுத்த மூணு நாள் அந்த அம்மா சமைச்ச பருப்பும் சம்பலும்தான்.

வியாழக்கிழமை காலைல ஊரடங்கை கொஞ்ச நேரம் தளர்த்துனாங்க. அந்த அம்மா நாற்காலிய எடுத்து ஓரமா வெச்சுட்டு என் கையில ஒரு குடையும் பையும் கொடுத்தாங்க. "இப்ப போங்கோ பிள்ளை. முக்குக் கடையில பால்மா வந்திருக்காம், கியூவில நிண்டு ஆசை தீர வேடிக்கை பாருங்கோ." ரெண்டு மணி நேரம் நின்னேன், ஒரு பாக்கெட் பால் பவுடர் கிடைச்சுது.