இதயம் விரியும்போது கீழ் பிரஷர் ஏன் பூஜ்யம் ஆவதில்லை?

நர்சிங்கோ பதினொன்றாம் வகுப்போ படிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சுருங்கும்போது 120 சரி, விரியும்போது தள்ள ஆளே இல்லையே, அப்புறம் 80 எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியில் என் அப்பாவிடம் நான் மாட்டியிருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு பாம்பனில் ஐஸ் கம்பெனிக் கணக்கு எழுதுகிறவன். டாக்டர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.

அப்பா நாட்டுப்படகுக்காரர். 64 வயதில் ஒரு முகாமில் பிரஷர் பார்த்தார்கள், 170/70. வரிசையில் நிற்க வைத்து, சட்டைக் கை மேலேயே பட்டையைச் சுற்றி எடுத்த அழகு அது. ஆனால் மறுநாள் ஒழுங்காக உட்கார வைத்து எடுத்தபோதும் பெரிய வித்தியாசமில்லை. கொடுத்த மாத்திரையைப் பத்தே நாளில் நிறுத்திவிட்டார். "மேல கூட, கீழ குறைச்சல். கணக்கு நேராயிருச்சுல்ல" என்றார்.

புத்தகத்தோடு உட்கார்ந்தேன். இதயம் ஒரு பம்பு, துடிப்புக்குச் சுமார் 70 மில்லி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஆக 5 லிட்டர். "பம்பு அடிக்காத நேரத்துல ஓட்டம் நிக்கணும்ல?" என்று மடக்கினார்.

சூட்சுமம் இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான பெருந்தமனியில் இருக்கிறது. இதயம் தள்ளுகிற ரத்தம் மொத்தமும் உடனே கை கால்களுக்குப் போய்விடாது. ஒரு பங்கு பெருந்தமனியின் சுவரை உப்ப வைத்து அங்கேயே தங்கும். இதயம் விரியும்போது வால்வு மூடிக்கொள்ள, உப்பிய சுவர் பழைய நிலைக்குத் திரும்பி அந்த ரத்தத்தை முன்னால் தள்ளும். இடது கீழறைக்குள் அழுத்தம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கினாலும் தமனியில் 80 நிற்பது இப்படித்தான். இதயத் தசைக்குப் பெரும்பங்கு ரத்தம் கிடைப்பதும் அந்த ஓய்வில்தான். சுருங்கும் நேரத்தில் தசை தன் ரத்தக்குழாய்களையே நெரித்துக்கொள்கிறது.

"பிளைவீல்னு சொல்லித் தொலையேன்டா" என்றார் அப்பா. ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். மிச்ச நேரமெல்லாம் அந்தச் சக்கரம் இழுத்துக்கொண்டு போகும்.

"அந்தச் சக்கரம் லேசா இருந்தா?"

"வெட்டி வெட்டி ஓடும். படகே உதறும்."

"உங்களுக்கு அதுதான்ப்பா ஓடுது" என்றேன். வயதாகித் தமனிச் சுவர் விறைத்துப் போனால் உப்பி வாங்கிக்கொள்ளும் தன்மை குறையும். தள்ளும்போது மேல் எண் எகிறும், விரியும்போது கீழ் எண் இறங்கும். 40 இருக்க வேண்டிய இடைவெளி அவருக்கு 100. உவமை நூறு சதவீதம் பொருந்தாது, தெரியும். என்னிடம் ஒன்றும் சொல்லாமல், மாத்திரை டப்பா எங்கே என்று அம்மாவிடம் கேட்டார்.

எக்கோ எடுக்க மதுரைக்குப் போனது தனிக் கதை. பாம்பன் பாலத்தில் ரயில் ஓடுவது நின்றது 2022 டிசம்பரில், புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நாங்கள் போனது நடுவில். இன்றைக்குப் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிறவர்களுக்கு, முதுகு வலியோடு பஸ்ஸில் நோயாளியைக் கூட்டிப் போனது எங்கே தெரியப் போகிறது?

அப்புறம், கருவாடுதான் காரணம் என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: உப்பு கூடினால் உடம்பில் தண்ணீர் தங்கும், பிரஷர் ஏறும், ஒத்துக்கொள்கிறேன். ஊறுகாயையும் அப்பளத்தையும் மட்டும் ஏன் யாரும் திட்டுவதில்லை? அம்மா இப்போது கருவாட்டை ஊறப்போட்டு, இரண்டு தண்ணீரில் அலசித்தான் குழம்பு வைக்கிறார்.