பஞ்சர் ஆனாலும் ஓடுற டயர் நம்ம ரோட்டுக்கு தேவையா?

கேள்வி: அண்ணே, நான் பாலக்கோட்டுலேர்ந்து தினம் ஓசூர் சிப்காட்டுக்கு கார்ல போய்ட்டு வர்றேன், சின்ன எஸ்யூவிதான், 16 இஞ்ச் வீல். ரெண்டாவது ஷிப்ட் முடிச்சு ராயக்கோட்டை வழியா வீடு வந்து சேர ராத்திரி ஒரு மணி ஆயிடும். பெங்களூர்ல இருக்கிற மச்சான் செகண்ட் ஹேண்ட்ல ஒரு பிஎம்டபிள்யூ எடுத்திருக்கார், அதுல ரன் ஃப்ளாட் டயராம், ஆணி ஏறினாலும் நிக்காம ஓடுமாம், நீயும் நாலையும் மாத்திக்கோன்னு ஒரே பேச்சு. வீட்ல அவளும் "நடுராத்திரி ரோட்ல ஜாக்கி போட்டுட்டு நிக்காதீங்க"ன்னு சொல்றா. போடலாமா?
(பாலக்கோடு வாசகர்)

பதில்: வேணாம்னுதான் சொல்வேன், ஆனா உங்க மச்சான் சொல்றது பொய்யில்ல.

சாதா டயர்ல காத்து இறங்கிட்டா சைடு மடிஞ்சு ரிம் அது மேல உக்காந்துடும், ரெண்டு கிலோமீட்டர் ஓட்டினா டயர் கிழிஞ்ச கோணிதான். ரன் ஃப்ளாட்ல சைடுக்குள்ள கெட்டியா ரப்பர் கொடுத்து வச்சிருப்பாங்க, காத்தே இல்லைன்னாலும் அந்த சைடே வண்டியை தாங்கும். அதுக்காக எவ்வளவு தூரமும் போகலாம்னு இல்ல, பொதுவா 80 கிலோமீட்டர் வேகத்தை தாண்டாம ஒரு 80 கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான் கணக்கு. ஓசூர்ல ஆணி ஏறினா பாலக்கோடு வீட்டு வாசல் வரைக்கும் வந்துடலாம், அதுல மச்சான் பக்கம் ஒரு பாயிண்ட்.

ஆனா அவர் வண்டியில இருக்கிற ஒண்ணு உங்க வண்டியில இருக்கான்னு பாருங்க, டயர் பிரஷர் காட்டுற டிபிஎம்எஸ். ரன் ஃப்ளாட்ல காத்து போனா ஸ்டியரிங்ல பெருசா தெரியாது, வெளியிலிருந்து பார்த்தாலும் சப்பையா தெரியாது, டேஷ்போர்டுல லைட்டு எரிஞ்சாதான் தெரியும். அது இல்லாத வண்டியில இதை போட்டா நீங்க பாட்டுக்கு நூறுல போய்ட்டே இருப்பீங்க, டயர் உள்ளுக்குள்ள சூடேறி வெந்து போய்ட்டே இருக்கும். டிபிஎம்எஸ் இல்லாம ரன் ஃப்ளாட் போடுறது சேஃப்டி இல்ல, ஆபத்து.

அடுத்தது சவாரி. சைடு கெட்டின்னா பள்ளம் மேடு எல்லாம் நேரா இடுப்புக்கு வந்துடும். கம்பெனியிலேயே இந்த டயரோட வர்ற வண்டிக்கு சஸ்பென்ஷனை அதுக்கேத்த மாதிரி வச்சிருப்பாங்க, உங்களுக்கு அப்படி இல்ல. மழைக்கப்புறம் நம்ம கிராமத்து ரோடு இருக்கிற லட்சணத்துக்கு, பென்னாகரம் பக்கம் ஒரு பள்ளத்துல வேகமா விட்டா அலாய் வீல் விரிசல் விடுறதும் உண்டு, ஏன்னா அடியை வாங்கிக்க வேண்டிய டயர் வாங்காம ரிம்முக்கு தள்ளி விட்டுடும். வெயிட்டும் கூட, விலையும் கூட.

அப்புறம் பஞ்சர் கடை. பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் கம்பியை வச்சு நெம்பி கழட்டுற கடைக்காரரால இதை கழட்ட முடியாது, அதுக்கு ஏத்த மிஷின் வேணும், ஓசூருக்கோ பெங்களூருக்கோதான் போகணும். காத்தில்லாம ஓட்டிட்டு வந்த டயரை ஒட்டலாமான்னு கேட்டா பெரும்பாலும் புதுசு மாத்துங்கன்னுதான் சொல்வாங்க, உள்ள சைடு எவ்வளவு வெந்திருக்குன்னு வெளிய தெரியாதே. சாதா டியூப்லெஸ்ல டிரெட்ல, அதாவது ரோட்ல படுற பகுதியில, ஏறின ஆணின்னா நூறு இருநூறுல முடியுற வேலை!

ஒண்ணு ஒத்துக்கிறேன். ஒரு தடவை தொப்பூர் கணவாய் இறக்கத்துல ராத்திரி பதினோரு மணிக்கு வலது பக்க பின் டயர் போச்சு, லாரிங்க போற பக்கம். ஒவ்வொரு லாரி உரசிட்டு போறப்பவும் வண்டியே ஆடுது, வீல் ஸ்பேனரை பிடிச்ச கை நடுங்குது, எப்படியோ கழட்டி ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கினா அதுவும் சப்பை. ரெண்டு வருஷமா அதுல காத்து பார்க்கல, என் புத்தியை செருப்பால அடிக்கணும். அன்னிக்கு யாராவது ரன் ஃப்ளாட் குடுத்திருந்தா சொத்தை எழுதி வச்சிருப்பேன். ஆனா காலையில யோசிச்சு பார்த்தா, டயர்ல தப்பில்ல, ஸ்டெப்னியை மறந்த நான்தான் தப்பு.

அதனால அந்த காசுல வால்வுல மாட்டுற டிபிஎம்எஸ் ஒண்ணு, 12 வோல்ட் ஏர் பம்ப் ஒண்ணு, பஞ்சர் கிட் ஒண்ணு வாங்கிடுங்க, அப்பவும் பெரிய தொகை மிச்சம். டியூப்லெஸ்ல ஆணி ஏறினா அனேகமா மெதுவாத்தான் காத்து இறங்கும், ஆணியை பிடுங்காதீங்க, அப்படியே காத்தடிச்சுட்டு ராயக்கோட்டை வரைக்கும் மெதுவா வந்துட்டா வெளிச்சத்துல ஆள் நடமாட்டத்துல நின்னு பார்க்கலாம். சைடு கிழிஞ்சா மட்டும் ஸ்டெப்னிதான். வீட்ல அவங்க பயத்துக்கும் இதுல பாதி பதில் இருக்கு.

கேள்வி: ரன் ஃப்ளாட்டோட வந்த பழைய வண்டி வாங்கிட்டேன், தேய்ஞ்சு போச்சு. சாதா டயர் போடலாமா?
(கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: போடலாம், நிறைய பேர் போடுறாங்க, குலுக்கல் குறையும். நாலையும் சேர்த்து மாத்துங்க, ரெண்டு இது ரெண்டு அதுன்னு கலக்காதீங்க. ஆனா டிக்கியை தூக்கி பாருங்க, பல வண்டியில ஸ்டெப்னிக்கு இடமே இருக்காது. டியூப்லெஸ் டயர், டிபிஎம்எஸ், பஞ்சர் கிட் இருந்தா காருக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லன்னு 2020லயே ரூல் வந்துடுச்சு, அதனால சட்டச் சிக்கல் இல்ல, சைடு கிழிஞ்சா டோ வண்டிதான் சிக்கல். பெங்களூர், சென்னைன்னு ஹைவேயிலயே ஓடுற ஆளு, குடும்பத்தோட ராத்திரி பயணம் அதிகம்னா நீங்க மறுபடி ரன் ஃப்ளாட்டே போட்டுக்கங்க, உங்க வண்டி அதுக்குன்னு செஞ்சது. வாங்குறப்ப சைடுல இருக்கிற நாலு நம்பரை பாருங்க, 2319ன்னா 2019ல 23வது வாரம் செஞ்சது. பழைய ஸ்டாக்கை ஆஃபர்னு தள்ளி விடுவாங்க.