தோணியும் கனூவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தங்கள் கட்டுரையில் தோணி என்பது மரத்தைக் குடைந்து செய்த படகு என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் தூத்துக்குடித் தோணி பலகைகளால் கட்டிய பெரிய பாய்மரக் கலம் அல்லவா? சிறு படகைக் குறிக்கும் ‘கனூ’ என்ற ஆங்கிலச் சொல்லும் தமிழிலிருந்து போனதே என்று படித்தேன். சரிதானா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தூத்துக்குடித் தோணியைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. சொல் நின்றுவிட்டது, கலம் மாறிவிட்டது. தோணியைத் ‘தோண்டு’ என்னும் வினையோடு சேர்ப்பவர்களும் உண்டு, மரத்தொட்டியையும் படகையும் குறிக்கும் ‘த்ரோணி’ என்ற வடசொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. எந்த வழியில் போனாலும் குடைந்த மரத்தில்தான் போய் நிற்போம். சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்குக் கலங்கள் கொண்டுவந்த பொன்னை, உப்பங்கழியில் ஓடும் கழித்தோணிகள் கரைசேர்த்ததைப் புறநானூற்றின் 343ஆம் பாடல் சொல்கிறது. அதே கடற்கரையின் இன்னொரு துறைக்கு மிளகு ஒற்றைமரப் படகுகளில் வந்ததாகக் கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியரான பிளினி எழுதினார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போதெல்லாம், பொன்னை உள்ளே கொண்டுவந்ததும் மிளகை வெளியே கொண்டுசென்றதும் ஒரே வகைப் படகுதான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

‘கனூ’ தமிழ்ச்சொல் அன்று. கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் வழங்கிய ‘கனோவா’ என்ற சொல், 1492இல் கொலம்பஸின் பயணத்தோடு ஸ்பானிய மொழிக்குள் வந்து, பிறகு ஆங்கிலத்துக்குப் போனது. ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது. படகைக் குறிக்கும் சொற்களான, நியூசிலாந்தின் மாவோரி மொழியின் ‘வக்கா’வும் ஹவாய் மொழியின் ‘வஆ’வும் உறவுச்சொற்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிவது, மாவோரியின் ககரம் ஹவாயில் தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கும் ஒலியாக மாறுவதைப் பல சொற்களில் ஒழுங்காகக் காண்பதால்தான். கனூவுக்குத் தமிழில் வேர் காட்டுபவர்கள் அப்படி ஒரு வழித்தடத்தைக் காட்டுவதில்லை.

பெயரில் மரத்தையே வைத்துக்கொண்ட மொழிகளும் உண்டு. ஜெர்மன் மொழியின் ‘ஐன்பாம்’ என்பதற்கு ‘ஒரு மரம்’ என்றே பொருள். எஸ்தோனியாவின் சோமா சதுப்புப் பகுதியில் ‘ஹாப்’ என்னும் ஆஸ்பென் மரத்தில் செய்வதால் படகுக்கு ‘ஹாப்யாஸ்’ என்று பெயர். மரத்தை மெல்லிய ஓடாகச் செதுக்கி, உள்ளே நீர் வார்த்து, அருகே தீ மூட்டி, சூட்டில் இளகும் பக்கங்களை விரிசல் விழாதபடி மெல்ல மெல்ல அகல விரிக்கிறார்கள். செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவருவதால், 2021இல் யுனெஸ்கோ இக்கலையை அவசரமாகக் காக்கப்பட வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.